துண்டு போட்டுப் பிடித்த சீட்: காபி நம் நரம்புகளில் என்ன செய்கிறது?

ஒட்டன்சத்திரத்தில் லோடு ஏற்றி, தார்ப்பாய் இழுத்துக் கட்டிக் கிளம்ப இரவு பதினொன்றரை ஆகிவிடும். திண்டுக்கல் தாண்டி, கொடைரோடு தாண்டி, மாமாவின் வண்டி மதுரை மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டுக்குள் நுழையும்போது மணி இரண்டு. தக்காளிப் பெட்டிகளையும் முருங்கைக்காய்க் கட்டுகளையும் இறக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவர் நேராகப் போய் நிற்பது காபிக் கடையில். கல்லூரி லீவில் ஒருமுறை நானும் அவரோடு போயிருந்தேன். எனக்குக் கண்ணைச் சொருகியது. அவர் சர்க்கரை தூக்கலாக ஒரு கிளாஸ் வாங்கி நுரையை ஊதியபடி நின்றார்.

"தூக்கமே வரலியா மாமா?"

"வராம என்ன? ஒரு கிளாஸ் உள்ள போச்சுன்னா தெம்பு வந்துரும் மாப்ள. அப்புறம் விடியிற வரைக்கும் ஓட்டலாம்."

அந்தத் 'தெம்பு' என்ற சொல் எனக்குள் தங்கிவிட்டது. நம் ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். காபி தெம்பு கொடுக்கும், சுறுசுறுப்பு கொடுக்கும் என்று. பிறகு உடலியங்கியல் படித்தபோதுதான் விஷயம் வேறு என்று தெரிந்தது. காபி எதையும் கொடுப்பதில்லை. பாலும் சர்க்கரையும் கொஞ்சம் சக்தி தரும், அவ்வளவுதான். வெறும் டிகாஷனில் உடம்புக்கு எரிபொருள் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. அது செய்வது, அசதியைச் சொல்லும் செய்தி மூளைக்குப் போய்ச் சேராமல் தடுப்பது. அசதி அப்படியே இருக்கிறது. நமக்குத் தெரியாமல் இருக்கிறது. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் காபியைப் பற்றிய முக்கால்வாசிக் கேள்விகளுக்குப் பதில் தானாக வந்துவிடும். அதனால்தான் இதைப் பொறுமையாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

அசதி என்பது என்ன?

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் வேலை செய்ய ஏ.டி.பி. என்ற மூலக்கூறைச் செலவழிக்கிறது. பணம் மாதிரிதான். நடக்க, பார்க்க, யோசிக்க, எல்லாவற்றுக்கும் அதுதான் செலவாகிறது. செலவான பிறகு அடினோசின் என்ற பொருள் மிஞ்சுகிறது. நாம் கண் விழித்ததில் இருந்து மூளையில் இந்த அடினோசின் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே வரும். காலை 6 மணிக்கு எழுந்தவருக்கு இரவு 10 மணிக்குள் நிறையவே சேர்ந்திருக்கும். தூங்கும்போது அது குறைந்து, காலையில் கணக்கு மறுபடி முதலில் இருந்து தொடங்கும்.

அடினோசின் வெறும் கழிவு அல்ல, செய்தியும்கூட. நரம்பு செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் மிக மிக நுண்ணிய இடைவெளி உண்டு. ஒரு செல் தன் முனையில் இருந்து ஒரு ரசாயனத்தை அந்த இடைவெளியில் விடும். எதிரில் இருக்கும் செல்லின் மேல் அந்த ரசாயனத்துக்கென்றே அமைந்த புரதம் ஒன்று இருக்கும். அதற்கு ஏற்பி என்று பெயர். சரியான மூலக்கூறு வந்து அதில் பொருந்தினால்தான் செய்தி உள்ளே போகும். அடினோசினுக்கும் இப்படி ஏற்பிகள் இருக்கின்றன. அவற்றில் நமக்கு முக்கியமானவை இரண்டு: ஏ1, ஏ2ஏ. ஏ1-இல் அடினோசின் உட்கார்ந்தால் நரம்பு செல், கிளர்ச்சியூட்டும் ரசாயனங்களை விடுவதைக் குறைத்துக்கொள்ளும். மூளையின் சத்தம் மெல்ல அடங்கும். கண் சொக்கும், கொட்டாவி வரும், சொன்னதையே திரும்பச் சொல்லுவோம்.

இப்போது ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள். சனிக்கிழமை சாயந்திரம், தேனி பஸ் வளைந்து உள்ளே நுழைகிறது. பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாக ஒருவர் தன் துண்டை உள்ளே எறிகிறார். சீட்டில் ஆள் இல்லை, துண்டுதான் கிடக்கிறது. ஆனாலும் படி வழியாக ஏறி வந்தவர்கள் அதில் உட்கார முடியாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

காபியில் இருக்கும் காஃபீன் என்ற பொருள்தான் அந்தத் துண்டு. அதன் மூலக்கூறு வடிவத்தில் அடினோசினை ஒத்திருப்பதால் அதே ஏற்பியில் போய்ப் பொருந்திவிடும். ஆனால் பொருந்துமே தவிர, 'தூங்கு' என்ற செய்தியை உள்ளே அனுப்பாது. சீட்டை அடைத்துக்கொண்டு கிடக்கும். உண்மையான பயணியான அடினோசின் வந்து பார்த்துவிட்டு நின்றுகொண்டே இருக்கும். போய்விடாது, இறங்கியும் விடாது. நேரம் ஆக ஆக இன்னும் பயணிகள் ஏறிக்கொண்டே இருப்பார்கள், ஏனென்றால் மூளை வேலை செய்துகொண்டேதான் இருக்கிறது. கடைசியில் துண்டுக்காரர் துண்டை எடுக்கும்போது, நின்றவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் உட்காருவார்கள். காபி இறங்கிய பிறகு வரும் அந்தத் திடீர் அசதி, விடிகாலை நாலு மணிக்கு ஸ்டீரிங்கில் தலை சாயும் அந்த நொடி, இதுதான்.

ஏ2ஏ ஏற்பியின் கதை இன்னும் கொஞ்சம் சுவையானது. மூளையின் ஆழத்தில், உற்சாகத்தோடும் உடல் அசைவோடும் தொடர்புடைய ஒரு பகுதியில், இந்த ஏற்பிகள், டோபமைன் என்ற உற்சாக ரசாயனத்தின் ஏற்பிகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. அடினோசின் அங்கே உட்கார்ந்தால் டோபமைனின் குரல் அமுங்கிவிடும். காஃபீன் அந்த இடத்தை அடைத்ததும் அமுங்கியிருந்த குரல் நன்றாகக் கேட்கத் தொடங்கும். காபி குடித்ததும் உலகம் கொஞ்சம் நல்லதாகத் தெரிவதும், பேப்பரை விரித்துப் பேச ஆளைத் தேடுவதும் இதனால்தான்.

காஃபீன் என்ற பொருளைக் காபிக் கொட்டையில் இருந்து தனியாகப் பிரித்தெடுத்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த வேதியியலாளர் ஃபிரீட்லீப் ருங்கே, ஆண்டு 1819. பிற்பாடு தேயிலையில் இருந்து எடுத்ததை வேறொரு பொருள் என்று நினைத்து வேறு பெயர் வைத்திருந்தார்கள். இரண்டும் ஒன்றே என்று 1838-இல் தெரிந்துவிட்டது. "நான் காபி தொடறதே இல்ல, டீ மட்டுந்தான்" என்று பெருமையாகச் சொல்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. டீயிலும் கிடப்பது அதே துண்டுதான், அளவு மட்டும் கொஞ்சம் குறைவு.

செடி ஏன் இதைத் தயாரிக்கிறது? மதுரையில் இருந்து சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபித் தோட்டங்கள் இருக்கின்றன. தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே உண்டு. இலையிலும் விதையிலும் இருக்கும் காஃபீன், தின்ன வரும் பூச்சிகளுக்கு விஷம். ஆனால் கோடை மழை ஒன்று பெய்ததும் அந்தச் செடி மல்லிகை போலவே மணக்கும் வெள்ளைப் பூக்களைப் பூக்கும். அந்தப் பூவின் தேனிலும் மிகச் சிறிதளவு காஃபீன் இருக்கிறது. அந்த அளவு தேனீயைக் கொல்வதில்லை. பூவின் வாசனையை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ள உதவுகிறது என்று 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தேனீ திரும்ப வரும், மகரந்தம் பரவும். காபிக் கடைக்குத் தினமும் அதே நேரத்தில் போய் நிற்கும் நம்மைப் பார்க்கும்போது எனக்கு அந்தத் தேனீதான் நினைவுக்கு வருகிறது.

ஒரு தம்ளர் காபி உடம்புக்குள் போகும் வழி

முதல் வாய் உள்ளே இறங்கியதுமே 'அப்பாடா' என்று இருக்கிறதே, அது காஃபீன் இல்லை. அது சூடு, வாசனை, இனிப்பு, பல வருடப் பழக்கம். காஃபீன் குடலில் இருந்து ரத்தத்துக்கு வந்து மூளையை எட்ட நேரம் வேண்டும். குடித்த காஃபீன் ஏறக்குறைய முழுவதுமே முக்கால் மணி நேரத்துக்குள் ரத்தத்தில் சேர்ந்துவிடும். மூளையைச் சுற்றி ஒரு காவல் இருக்கிறது; ரத்தத்தில் வரும் எல்லாவற்றையும் அது உள்ளே விடாது. காஃபீனோ நீரிலும் கரையும், கொழுப்பிலும் புகும். அந்தக் காவலைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

வெளியேறுவதுதான் தாமதம். கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதைச் சிதைத்துத்தான் வெளியேற்ற வேண்டும். ஒரு சராசரிப் பெரியவருக்குக் குடித்த காஃபீனில் பாதி குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். சாயந்திரம் 5 மணிக்கு 100 மில்லிகிராம் காஃபீன் உள்ள காபியைக் குடித்தால், இரவு 10 மணிக்கு 50 மில்லிகிராம் ரத்தத்தில் இருக்கும். நடுராத்திரி தாண்டி 3 மணிக்கும் 25 மில்லிகிராம் மிச்சம். அதாவது சாயந்திரக் காபியின் கால் பங்கு, நீங்கள் அசந்து தூங்கவேண்டிய நேரத்திலும் சீட்டில் துண்டாகக் கிடக்கிறது.

இந்த 5 மணி நேரம் எல்லோருக்கும் ஒன்றல்ல. அந்த நொதி சிலருக்குப் பிறவியிலேயே வேகமாக வேலை செய்யும், சிலருக்கு மெதுவாக. "ராத்திரி சாப்பிட்டுட்டு ஒரு காபியக் குடிச்சாத்தான் எனக்குத் தூக்கமே வரும்" என்று சொல்லும் பெரியவரும், மத்தியானம் 3 மணிக்குக் குடித்துவிட்டு ராத்திரி முழுக்கப் புரளும் மருமகளும் ஒரே வீட்டில் இருக்கலாம். இருவருமே பொய் சொல்லவில்லை. பீடி, சிகரெட் புகைப்பவர்களுக்குக் காஃபீன் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் வெளியேறும். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு அது இரு மடங்கு நேரம் தங்கும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பாதி குறையவே சுமார் 15 மணி நேரம் பிடிக்கும். காஃபீன் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்கும் போகும். வயிற்றில் இருக்கும் குழந்தையின் கல்லீரலுக்கு அதைச் சிதைக்கும் திறமை இன்னும் வந்திருக்காது. மாசமாக இருக்கும் பெண்ணைப் பார்க்க வரும் உறவுக்காரர்கள் எல்லாம் ஆளுக்கொரு வேளை காபி கொடுத்து உபசரிக்கும் நம் வழக்கத்தில், இதை யாராவது அன்போடு எடுத்துச் சொல்ல வேண்டும். நாளைக்கு 200 மில்லிகிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்பதுதான் பல மருத்துவ அமைப்புகளின் அறிவுரை.

இதற்கு நேர் மறுபக்கம் ஒன்று. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் மூச்சுவிட மறந்துபோவது உண்டு. மூளையில் மூச்சை நடத்தும் பகுதி இன்னும் முதிராததால் அப்படி நேர்கிறது. அந்தக் குழந்தைகளுக்கு உலகம் முழுவதும் கொடுக்கப்படும் மருந்து காஃபீன்தான், மருத்துவர்கள் அளந்து கொடுப்பது. அது மூச்சுப் பகுதியைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருக்கும். ஒரே பொருள், அளவும் ஆளும் இடமும் மாறினால் வேலையும் மாறிவிடுகிறது.

மூளைக்கு வெளியே

நம் நரம்பு மண்டலத்தில் நாம் சொல்லாமலே நடக்கும் பகுதி ஒன்று உண்டு. அதிலும் இரண்டு கிளைகள். ஒன்று, நாய் துரத்தும்போது நம்மை ஓடவைப்பது. இன்னொன்று, சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்ததும் உடம்பை அமைதிப்படுத்துவது. காஃபீன் முதல் கிளையின் பக்கம் தராசைச் சாய்க்கிறது. சிறுநீரகங்களின் மேல் குல்லாய் போல உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலினைக் கொஞ்சம் அதிகம் விடும். பழக்கமில்லாதவருக்கு ரத்த அழுத்தம் சற்று ஏறும், நெஞ்சு படபடக்கும், விரல் நடுங்கும். தினமும் குடிப்பவர்களுக்கு இது பெரும்பாலும் மங்கிவிடும். ஆனால் ஏற்கெனவே பதற்றத்தோடு இருப்பவர்களுக்குக் காபி அதை ஊதிப் பெரிதாக்கும். அந்தப் படபடப்பை மனக்கவலை என்றோ இதயக் கோளாறு என்றோ நினைத்துப் பயந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நெஞ்சு படபடத்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை காபி, எத்தனை டீ என்பதையும் மறைக்காமல் அவரிடம் சொல்ல வேண்டும்.

இதயத்தில் அடினோசினுக்கு உள்ள வேலையை ஆஸ்பத்திரியில் கண்ணால் பார்க்கலாம். ஒருவகை அதிவேகத் துடிப்போடு வருபவர்களுக்கு அவசர சிகிச்சையில் அடினோசினையே ஊசியாகப் போடுவார்கள். இதயம் ஒரு சில நொடிகள் நின்றதுபோல் ஆகி, பிறகு சரியான தாளத்துக்குத் திரும்பும். ரத்தத்தில் காஃபீன் நிறைய இருந்தால் இந்த ஊசியின் வேலை மட்டுப்படும். அங்கும் அதே துண்டு சீட்டை அடைத்துக்கொள்கிறது.

அம்மாவின் சஷ்டித் தலைவலி

எங்கள் அம்மா திருப்பரங்குன்றத்தில் காப்புக் கட்டி, கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருப்பார். பாலும் பழமும்தான், காபி கிடையாது. சாதாரண நாளில் காலையில் இரண்டு, சாயந்திரம் ஒன்று என்று மூன்று டபரா செட் காபி குடிப்பவர். முதல் நாள் சாயந்திரம் நெற்றிப்பொட்டில் லேசாகத் தொடங்கும். இரண்டாம் நாள் மண்டை பிளக்கும். துணியை நனைத்துத் தலையில் கட்டிக்கொண்டு படுத்துவிடுவார். "வெறும் வயிறு, பித்தம் தலைக்கு ஏறிருச்சு" என்பார் பாட்டி. நாலாம் நாள் தானாகப் போய்விடும். முருகன் அருள் என்று எல்லோரும் கும்பிட்டுக்கொள்வோம்.

அந்தத் தலைவலியின் கால அட்டவணை மருத்துவப் புத்தகத்தில் அப்படியே இருந்ததைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. காபியைத் திடீரென நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். இரண்டாம் நாளை ஒட்டி உச்சத்துக்குப் போகும். 2 முதல் 9 நாட்களுக்குள் அடங்கிவிடும். கூடவே எரிச்சல், சோர்வு, எதிலும் மனம் நிற்காமை.

காரணம் இதுதான். தினமும் துண்டு போட்டே சீட்டை அடைத்துக்கொண்டிருந்தால் மூளை சும்மா இருக்காது. பயணிகள் நிற்கிறார்களே என்று கூடுதலாகச் சீட் போட ஆரம்பிக்கும். அடினோசின் ஏற்பிகளின் எண்ணிக்கை கூடும். முதலில் ஒரு தம்ளர் கொடுத்த விழிப்பு இப்போது இரண்டு குடித்தால்தான் வருகிறது. பழகிப்போவது என்று நாம் சொல்வது இதைத்தான். அப்படிக் கூடுதல் சீட்டுகள் உள்ள பஸ்ஸில் ஒருநாள் துண்டே இல்லை என்றால்? அடினோசின் எல்லாச் சீட்டிலும் உட்கார்ந்துவிடும். அடினோசின் மூளையின் ரத்தக் குழாய்களை விரிக்கக்கூடியது. காஃபீன் அவற்றைச் சுருக்கக்கூடியது. சுருக்கி வைத்திருந்த கை விலகியதும் குழாய்கள் விரிந்து ரத்த ஓட்டம் கூடுகிறது, தலை விண்விண் என்று தெறிக்கிறது. ஒரு வாய் காபி போனதும் தலைவலி பறந்துவிடுவதும், சில தலைவலி மாத்திரைகளில் காஃபீன் சேர்ப்பதும் இதனால்தான்.

இதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது ஒன்று. தினமும் காபி குடிப்பவருக்குக் காலையில் எழுந்ததும் இருக்கும் மந்தத்தில் ஒரு பங்கு, இரவெல்லாம் காபி இல்லாததால் வருவது. காலைக் காபி முதலில் அந்தப் பங்கைத்தான் சரிசெய்கிறது. "காபி குடிச்சாத்தான் நான் மனுஷனா இருக்கேன்" என்பது பாதி உண்மை. இவர் காபி குடித்து எட்டும் நிலையில்தான், காபியே குடிக்காமல் பழகியவர் காலையில் எழுந்திருக்கிறார்.

அடுத்த வருடம் அம்மாவிடம் காப்புக் கட்டுவதற்குப் பத்து நாள் முன்பே பேசினேன். "ஒரேயடியா நிறுத்த வேணாம்மா. மொதல்ல சாயந்தரக் காபிய விடுங்க. அப்புறம் டிகாஷனப் பாதியாக் கொறச்சுப் பால ஊத்துங்க." சந்தேகமாகத்தான் பார்த்தார். ஆனாலும் செய்தார். மூளை கூடுதல் சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்ற நேரம் கிடைத்தது. அந்த வருடம் துணி கட்டிக்கொண்டு படுக்கவில்லை; சூரசம்ஹாரத்துக்கு நடந்தே போய்விட்டு வந்தார்.

நம் வீட்டுத் தம்ளரில் எவ்வளவு?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 150 மில்லி வடித்த காபியில் 80 முதல் 120 மில்லிகிராம், அதே அளவு இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் காஃபீன் இருப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள். நாளைக்கு 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்பது அவர்கள் சொல்லும் அளவு. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காபி, டீ வேண்டாம் என்றும் அதில் இருக்கிறது. உணவில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதை அவற்றில் உள்ள டானின் தடுக்கிறது. ரத்தசோகை நம் பெண்களிடம் எவ்வளவு சகஜம் என்று யோசித்தால் இது சின்ன விஷயமில்லை. அது நரம்பின் கதை அல்ல, அதனால் இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

நம் ஃபில்டர் காபியில் இன்னொரு கணக்கும் இருக்கிறது: சிக்கரி. பவுடர் கடையில் 80-க்கு 20, 70-க்கு 30 என்று சொல்லி வாங்குகிறோமே, அந்தப் பின்பாதி சிக்கரிதான். அது ஒரு செடியின் வறுத்த வேர். கறுப்பு நிறமும் கட்டியான கசப்பும் கொடுக்கும். காஃபீன் துளியும் இல்லை. ஆகவே டிகாஷன் கறுப்பாக, கெட்டியாக இறங்கினால் 'ஸ்ட்ராங்' என்று நாக்கு சொல்லும், நரம்பு அப்படிச் சொல்லாது. கொட்டையின் வகையும் முக்கியம். ரொபஸ்டாவில் அராபிகாவைவிட ஏறக்குறைய இரு மடங்கு காஃபீன் உண்டு. காலையில் ஃபில்டரில் முதலில் இறங்கும் டிகாஷனிலேயே பெரும்பகுதி காஃபீன் வந்துவிடும். அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றி எடுக்கும் இரண்டாம் டிகாஷன் அந்த வகையில் மென்மையானது. சாயந்திரத்துக்கு அதை வைத்துக்கொள்ளும் வீடுகள், தெரிந்தோ தெரியாமலோ, தூக்கத்துக்கு நல்லது செய்கின்றன.

கருப்பட்டிக் காபியில் காபித்தூள் போட்டிருந்தால் காஃபீன் உண்டு. சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி என்பது மட்டும்தான் மாற்றம். சுக்கு மல்லிக் காபி பெயரில்தான் காபி. சுக்கு, மல்லி, மிளகு, கருப்பட்டி, அவ்வளவுதான்; சீட்டும் காலி, துண்டும் இல்லை.

பரீட்சைக் காபி

மார்ச் மாதம் வந்தால் எங்கள் தெருவில் இரவு 11 மணிக்கு மூன்று வீடுகளில் அடுப்பெரியும். ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளைகளுக்குக் காபி. பக்கத்து வீட்டுப் பெண் ஒரு மணி வரை படித்துவிட்டுப் படுப்பாள், ஐந்து மணிக்கு எழுந்துவிடுவாள். அவள் அம்மா பாசத்தோடு கலந்து கொடுக்கும் அந்தக் காபியைப் பற்றிப் பேச எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னேன். படித்தது மூளையில் நிலைப்பது தூங்கும்போதுதான். பகலில் தற்காலிகமாக வைத்திருந்ததை ஆழ்ந்த தூக்கத்தில்தான் மூளை நிரந்தர இடத்துக்கு மாற்றுகிறது. காஃபீன் அந்த ஆழ்ந்த தூக்கத்தைத்தான் குறைக்கிறது. 11 மணிக்குக் குடித்ததில் பாதி, விடிகாலை 4 மணிக்கும் உள்ளே இருக்கும். கண் மூடியிருக்கும், தூக்கம் மேலோட்டமாக இருக்கும். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், 400 மில்லிகிராம் காஃபீனைப் படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பே கொடுத்தும் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. 400 என்பது மூன்று, நான்கு காபிக்குச் சமம். படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு என்றால் சாயந்திரம்தான்.

"அப்ப கண்ணு முழிச்சுப் படிக்கவே கூடாதாண்ணே?" என்றாள் அந்தப் பெண்.

"பத்தரைக்குப் படுத்துடு. நாலரைக்கு எந்திரிச்சு அந்தக் காபியக் குடிச்சிட்டுப் படி. அதே காபிதான், தூக்கம் மட்டும் ரெண்டு மணிநேரம் கூடும்."

மாமாவின் மூன்றாவது கிளாஸ்

மாமாவுக்கு இந்த அறிவுரை பொருந்தாது. இரவில் ஓட்டுவதுதான் அவர் தொழில். உடம்பின் கடிகாரம் எல்லோரையும் கீழே இழுக்கும் நேரம் விடிகாலை 2 முதல் 5 வரை. அடினோசின் ஒருபக்கம் அழுத்த, அந்தக் கடிகாரமும் சேர்ந்துகொள்ளும். காஃபீனால் முதலாவதைத்தான் தடுக்க முடியும், கடிகாரத்தைத் தடுக்க முடியாது. வெறும் காபியை நம்பி அந்த நேரத்தில் ஓட்டுவது ஆபத்து என்று நான் அவரிடம் நேரடியாகவே சொன்னேன்.

1997-இல் இங்கிலாந்தில் லஃப்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், தூக்கக் கலக்கத்தில் இருந்த ஓட்டுநர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். காபி குடித்துவிட்டு உடனே கால் மணி நேரம் கண் மூடியவர்கள், வெறும் காபி குடித்தவர்களைவிட நன்றாக ஓட்டினார்கள். காரணம் நமக்கு இப்போது புரியும். குட்டித் தூக்கத்தில் நின்றுகொண்டிருந்த சில பயணிகள் இறங்கிப் போய்விடுகிறார்கள். அதே நேரத்தில் காஃபீன் மூளையை எட்டிக் காலியான சீட்டில் துண்டைப் போட்டுவிடுகிறது. தூங்கிவிட்டுக் குடித்தால் இந்த ஒத்திசைவு கிடைக்காது.

மாமா இப்போது மாட்டுத்தாவணியில் கிளாஸைக் கீழே வைத்ததும் கேபினில் ஏறி, போனில் அலாரம் வைத்துக்கொண்டு சாய்ந்துவிடுகிறார். லோடு இறக்குபவர்கள் முதலில் கேலி செய்தார்கள். "ஏண்ணே, காபியக் குடிச்சிட்டுத் தூங்குறீக?" என்று. இப்போது அவர்களிலேயே ஒருவர் மூட்டைமேல் துண்டை விரித்துப் படுக்கிறாராம்.

ஒன்றுதான் அவரால் எளிதில் விட முடியாமல் இருந்தது. விடிந்து ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் அத்தை கையால் ஒரு காபி. பிறகு எட்டு மணிக்குப் படுத்து, பத்து மணிக்கே விழித்துக்கொண்டு, "வயசாச்சுல்ல, தூக்கம் வரல" என்பார். வயசுக்கும் இதில் பங்கு இருக்கலாம். ஆனால் பாதி நாள் அந்த ஆறு மணிக் காபிதான் முழித்துக்கொண்டிருந்தது. அத்தையிடம் சொன்னேன். அவர் மாமாவிடம் எதுவும் சொல்லாமல் மறுநாள் அதே டபராவில் சுக்கு மல்லிக் காபியை ஆற்றிக் கொடுத்தார்.

மாமா ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "என்னடி, காரமா இருக்கு?"

"குடிங்க. மாப்ள சொல்லிட்டுப் போயிருக்கான்."

முழுவதும் குடித்துவிட்டு, ஜன்னல் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுப் படுத்தார். மத்தியானம் ஒரு மணிக்கு அத்தை சாப்பிடக் கூப்பிட்டபோதும் குறட்டைதான் பதிலாக வந்ததாம்.